ஒரு சீசனா, ஒரு ஞாயிறா? நாஸ்காரின் பட்டமுறையும் தொலைக்காட்சியும்

2025 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் ஓடுதளத்தில், ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் நடத்தும் கப் தொடரின் கடைசிப் பந்தயம் நடந்தது. பட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்த நால்வரில் ஒருவரான டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னிலை வகித்தார். முடிவுக்கு மூன்று சுற்றுகளே இருந்தபோதும் அவர்தான் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அப்போது வில்லியம் பைரனின் காரில் டயர் காற்றிழந்து கார் சுவரில் மோத, எல்லோரும் வேகத்தைக் குறைத்து வரிசையில் ஓட வேண்டும் என்பதற்கான மஞ்சள் கொடி காட்டப்பட்டது. முன்னணிக் கார்கள் டயர் மாற்ற, தளத்தின் ஓரத்தில் குழுக்கள் காத்திருக்கும் பிட்டுக்குள் வந்தன. ஹாம்லினின் குழு நான்கு டயர்களையும் மாற்றியது. கைல் லார்சனின் குழு இரண்டை மட்டும் மாற்றி, அவரை ஹாம்லினுக்கு முன்னால் வெளியே அனுப்பியது. கூடுதலாக ஓட்டப்பட்ட இரண்டு சுற்றுகளின் முடிவில் லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. பந்தயத்தை வென்றவர் ரயன் பிளேனி. தகுதி பெற்ற நால்வரில் முன்னால் முடித்தவர் என்பதால் ஆண்டின் பட்டம் லார்சனுக்குப் போனது. லார்சன் அன்று ஒரு சுற்றில்கூட முன்னிலை வகிக்கவில்லை, மே மாதத்துக்குப் பிறகு எந்தப் பந்தயத்தையும் வென்றிருக்கவுமில்லை. ஹாம்லின் அந்த ஆண்டில் ஆறு பந்தயங்களை வென்றிருந்தார்.

அதற்கு முந்தைய நாள் இரண்டாம் நிலைத் தொடரிலும் இதே கதை நடந்திருந்தது. ஆண்டு முழுவதும் 10 பந்தயங்களை வென்ற கானர் ஜிலிஷ் பட்டத்தை இழந்தார். அந்த இறுதிப் பந்தயத்துக்கு முன்பு ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த ஜெஸ்ஸி லவ் சாம்பியன் ஆனார்.

இரண்டு மாதங்கள் கழித்து, 2026 ஜனவரி 12 அன்று, ஓட்டுநர்களைக் கட்டம் கட்டமாக நீக்கி, மிஞ்சும் நால்வருக்குள் ஒரே பந்தயத்தில் பட்டத்தை முடிவுசெய்யும் இந்த நீக்கமுறை பிளே-ஆஃபையே கைவிடுவதாக நாஸ்கார் அறிவித்தது. இவ்வளவு காலம் இந்த முறை ஏன் இருந்தது, இப்போது வந்திருப்பது என்ன, இதில் தொலைக்காட்சிக்கு என்ன வேலை என்ற கேள்விகள் இதனால் எழுகின்றன. பட்டம் தீர்மானிக்கப்படும் முறையையும் ஒளிபரப்பையும் தனித்தனி விவகாரங்களாகப் பேசுவதே வழக்கமாக இருக்கிறது. என் பார்வையில் அவை ஒன்றே: எந்தப் பந்தயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பட்டமுறை தீர்மானிக்கிறது, அந்த மதிப்பை விலையாக மாற்றுவது ஒளிபரப்பு ஒப்பந்தம், இரண்டின் விளைவையும் ஞாயிறுதோறும் அனுபவிப்பவர் ரசிகர்.

அடிப்படை: யார், எத்தனை, எப்படி

நாஸ்கார் என்பது 1948-இல் பில் ஃபிரான்ஸ் தலைமையில் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரை நகரில் உருவான அமைப்பு. ஸ்டாக் கார் என்றால் தொடக்கத்தில் கடையில் விற்ற அதே கார். இன்று ஓடுபவை செவர்லே, ஃபோர்டு, டொயோட்டா ஆகியவற்றின் வெளித்தோற்றம் கொண்ட, பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கார்கள். இந்த அமைப்பின் முதன்மைத் தொடர்தான் கப் தொடர். பிப்ரவரியில் டேட்டோனா 500 பந்தயத்துடன் தொடங்கி நவம்பர் வரை நீளும் அதில் புள்ளிகள் வழங்கப்படும் பந்தயங்கள் 36. ஒரு பந்தயத்தில் வழக்கமாக அதிகபட்சம் 40 கார்கள் ஓடும். அவற்றில் 36 இடங்கள் நிரந்தரப் பங்கேற்பு உரிமை பெற்ற அணிகளுக்கு உரியவை. இந்த உரிமைக்குச் சார்ட்டர் என்று பெயர். (கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-இல் இதே அமைப்பின் டிரக் தொடரில் ஓட்டினார், அவ்வாண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குக் கிடைத்தது.)

இந்த விளையாட்டின் இயல்பு ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நாளில் இரண்டு அணிகள் மோதும், ஒன்று வெல்லும், ஒன்று தோற்கும். ஸ்டாக் கார் பந்தயத்தில் ஒவ்வொரு வாரமும் எல்லோரும் எல்லோருடனும் மோதுகிறார்கள். ஒருவர் வெல்ல, மற்ற அனைவரும் தோற்கிறார்கள். மிகச் சிறந்த ஓட்டுநர்கூட ஆண்டின் பெரும்பாலான ஞாயிறுகளில் தோற்பவர்தான். ஆகவே யார் சிறந்தவர் என்பது நீண்ட கணக்கில்தான் தெரியவரும். அந்த நீண்ட கணக்கைப் பார்க்கப் பழகிய ரசிகர்களுக்கும் ஒரே இரவில் முடிவு வேண்டும் தொலைக்காட்சிக்கும் இடையிலான இழுபறியே இந்தப் பிரச்சினையின் வேர்.

2003 வரை: ஆண்டு முழுக்க ஒரே கணக்கு

1975 முதல் 2003 வரை பாப் லாட்ஃபோர்டு வகுத்த புள்ளிமுறை நடைமுறையில் இருந்தது. முதலிடத்துக்கு 175 புள்ளிகள், இரண்டாவது இடத்துக்கு 170. ஒரு சுற்றிலாவது முன்னிலை வகித்தவருக்கு 5, அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்தவருக்கு மேலும் 5. பந்தயத்தை வென்றவரும், அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்து இரண்டாவதாக முடித்தவரும் தலா 180 புள்ளிகளோடு வீடு திரும்பும் நிலை இதனால் உண்டானது. வெற்றியை விடச் சீரான ஓட்டத்துக்கே இந்த முறை பரிசளித்தது.

2003-இல் அது உச்சத்துக்குச் சென்றது. மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று, 33 வாரங்கள் தொடர்ந்து புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்து, கடைசிப் பந்தயத்துக்கு முன்பே பட்டத்தை உறுதிசெய்தார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாவது இடத்தில் முடித்தார். வெற்றிக்கு மதிப்பில்லையா என்ற கேள்வி அன்று நியாயமாகவே எழுந்தது. ஆனால் நாஸ்காரை அதைவிட அதிகமாக உறுத்தியது நாட்காட்டி. செப்டம்பரில் தேசியக் கால்பந்து லீக்கின் சீசன் தொடங்கிவிடும்; ஞாயிறு பிற்பகல் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். அதே மாதங்களில் பட்டம் யாருக்கு என்பது ஏறத்தாழ முடிவான ஒரு தொடரை விளம்பரதாரர்களிடம் விற்பது கடினம்.

2004 முதல் 2025 வரை: சீசனை மீண்டும் மீண்டும் சுருக்கிய கதை

1. 2004-இல் சேஸ் வந்தது. முதல் 26 பந்தயங்களுக்குப் பின் முன்னணியிலிருந்த 10 பேரின் புள்ளிகள் நெருக்கமாகத் திருத்தி அமைக்கப்பட்டன. கடைசி 10 பந்தயங்களில் அவர்களுக்குள் பட்டப் போட்டி. முதல் ஆண்டிலேயே கர்ட் புஷ் ஜிம்மி ஜான்சனை வெறும் 8 புள்ளிகளில் முந்தினார். பழைய கணக்கில் அந்தப் பட்டம் ஜெஃப் கார்டனுக்குச் சேர்ந்திருக்கும்; 2007-இலும் அப்படியே. தன் ஓட்டுநரின் இரண்டு பட்டங்களைக் கணக்குமுறை எடுத்துக்கொண்டது என்ற எண்ணம் கார்டனின் ரசிகர்களிடம் இன்றும் ஆறவில்லை.

2. இதே முறையில் ஜான்சன் 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்களை வென்றார். அது அவருடைய குழுவின் அசாத்தியத் திறமை. ஆனால் பரபரப்பை வரவழைக்க வடிவமைத்த ஒரு முறை ஆண்டுதோறும் ஒரே பெயரையே தந்துகொண்டிருந்தது.

3. 2011-இல் அந்த முறை தன் சிறந்த வடிவத்தைக் காட்டியது. சேஸின் 10 பந்தயங்களில் ஐந்தை வென்ற டோனி ஸ்டூவர்ட்டும், சீராக ஓடிய கார்ல் எட்வர்ட்ஸும் சமப் புள்ளிகளில் முடித்தார்கள். கடைசிப் பந்தயத்தில் ஸ்டூவர்ட் முதலாவது, எட்வர்ட்ஸ் இரண்டாவது. அதிக வெற்றிகள் என்ற அடிப்படையில் பட்டம் ஸ்டூவர்ட்டுக்கு. இருவரில் எவர் வென்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இந்த ஒரு முடிவுக்காகவே அந்த முறையை அப்படியே விட்டிருக்கலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

4. அப்படி விடவில்லை. அன்றைய தலைவர் பிரையன் ஃபிரான்ஸ், கூடைப்பந்து, பேஸ்பால் தொடர்களின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தைப் போன்ற தருணங்கள் வேண்டும் என்று தொடர்ந்து பேசிவந்தார். 2014-இல் நீக்கமுறை வந்தது: 16 பேர், மூன்று பந்தயங்களுக்குப் பின் 12, பிறகு 8, பிறகு 4. கடைசிப் பந்தயத்தில் அந்த நால்வரில் முன்னால் முடிப்பவர் சாம்பியன். வழக்கமான சீசனில் ஒரு வெற்றி பெற்றாலே ஏறக்குறைய உள்ளே வந்துவிடலாம். ஒரு கட்டத்துக்குள் ஒரு வெற்றி பெற்றால் அடுத்த கட்டம் உறுதி. வெற்றியை உயர்த்தவே இதெல்லாம் என்றார்கள். ஆனால் அந்த முதல் ஆண்டிலேயே ரயன் நியூமன் ஒரு வெற்றியும் இல்லாமல் இறுதி நால்வரில் இடம்பெற்று இரண்டாவதாக முடித்தார். கென்செத்தின் ஆண்டில் எட்டு வெற்றிகளோடு பின்தங்கிய அதே நியூமன்தான்.

5. 2017-இல் ஒவ்வொரு பந்தயமும் ஸ்டேஜ் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் இரண்டு ஸ்டேஜ்களின் முடிவில் முன்னணி 10 பேருக்கு 10 முதல் 1 வரை புள்ளிகள். ஸ்டேஜ் முடிந்ததும் மஞ்சள் கொடி. ஸ்டேஜ் வெற்றிகளும் பந்தய வெற்றிகளும் சேர்த்துத் தரும் தனிப் புள்ளிகள் இறுதிப் பந்தயம் தவிர, பிளே-ஆஃபின் ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் ஓட்டுநருக்கு முன்தொகையாகச் சேர்க்கப்பட்டன.

இந்த முன்தொகை நல்ல ஏற்பாடுதான், ஆனால் போதவில்லை. 2020-இல் கெவின் ஹார்விக் ஒன்பது பந்தயங்களை வென்றும் இறுதி நால்வருக்குள் வர முடியவில்லை. 2024-இல் ஜோயி லோகானோ ஒரு கட்டத்தில் வெளியேறியவராக அறிவிக்கப்பட்டு, அலெக்ஸ் போமனின் கார் எடை குறைவாக இருந்ததால் போமன் தகுதி இழக்க, மீண்டும் உள்ளே வந்தார். அடுத்த வாரமே லாஸ் வேகாஸில் வென்று இறுதிக்குச் சென்றார், ஃபீனிக்ஸையும் வென்றார், தன் மூன்றாவது பட்டத்தைப் பெற்றார். விதிகளின்படி ஒரு பிழையும் இல்லை. தரப்பட்ட விதிக்குள் லோகானோவின் குழுவைப் போல உச்ச நேரத்தில் ஓடியவர்கள் குறைவு. ஆனாலும் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஓட்டுநர் அவர்தான் என்று அவருடைய ரசிகர்களுக்கு வெளியே ஒப்புக்கொண்டவர்கள் மிகக் குறைவு.

வெளியேறியவர்களும் ஓடும் பிளே-ஆஃப்

மற்ற விளையாட்டுகளில் பிளே-ஆஃபிலிருந்து நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். நாஸ்காரில் அவர் அடுத்த ஞாயிறும் அதே தளத்தில், பட்டத்துக்குப் போட்டியிடுபவருக்கு அருகிலேயே ஓடுகிறார். அவருக்கு விளம்பரதாரர் உண்டு, சக அணியினர் உண்டு, கார் உற்பத்தி நிறுவனமும் உண்டு. இங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

2013 செப்டம்பரில் ரிச்மண்டில், சேஸுக்கான கடைசி இடம் முடிவாகவிருந்த பந்தயத்தின் இறுதியில் கிளின்ட் போயரின் கார் சுழன்று நின்றது. அவருடைய சக ஓட்டுநர் மார்ட்டின் ட்ரூக்ஸ் உள்ளே வர அது வழிசெய்தது. விசாரணைக்குப் பின் மைக்கேல் வால்ட்ரிப் அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, ட்ரூக்ஸ் நீக்கப்பட்டார், ஜெஃப் கார்டன் 13-ஆவது ஆளாகச் சேர்க்கப்பட்டார். பதினொரு ஆண்டுகள் கழித்து 2024-இல் மார்ட்டின்ஸ்வில்லில் இன்னும் மோசமான காட்சி. இறுதி நால்வரில் கடைசி இடத்துக்கு வில்லியம் பைரனும் கிறிஸ்டோபர் பெல்லும் நெருங்கியிருந்த நேரத்தில், செவர்லே ஓட்டுநர்கள் இருவர் பைரனை முந்தாமல் அவருக்குப் பின்னால் அரண் அமைத்தார்கள். டொயோட்டா ஓட்டுநர் ஒருவர் வேகத்தைக் குறைத்து பெல்லுக்கு ஒரு இடம் கொடுத்தார். பெல் சுவரை ஒட்டி உரசியபடி முடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டு இடத்தை இழந்தார். உதவிய மூன்று குழுக்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது.

இவற்றைத் தனிமனிதர்களின் நேர்மைக் குறைவாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரே ஒரு புள்ளியில் ஓர் ஆண்டின் பலன் முழுவதையும் வைக்கும்போது, அந்தப் புள்ளியை வாங்கிக்கொடுக்கக்கூடிய முப்பது கார்களும் அதே தளத்தில் இருந்தால், இது நடந்தே தீரும். இதே அழுத்தம்தான் 2022-இல் அதே மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெய்னைக் கடைசி வளைவில் சுவரோடு காரைச் சாய்த்து, வேகத்தைக் குறைக்காமல் ஐந்து கார்களை முந்தி இறுதி நால்வருக்குள் வரச்செய்தது. அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது, நாஸ்காரைப் பற்றி அறியாதவர்களும் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த உத்தி தடைசெய்யப்பட்டது. தொலைக்காட்சி விரும்பிய தருணமும் விளையாட்டு தாங்க முடியாத தருணமும் ஒன்றாகவே இருந்தது அன்று.

பணத்தின் வழி

1979 பிப்ரவரியில் சி.பி.எஸ். நிறுவனம் டேட்டோனா 500-ஐ முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடிவரை நேரலையில் காட்டியது. கடும் பனிப்பொழிவால் வீட்டுக்குள் முடங்கியிருந்த கிழக்கு மாநிலங்கள் அதைப் பார்த்தன. கடைசிச் சுற்றில் முன்னணியிலிருந்த கேல் யார்பரோவும் டானி அலிசனும் மோதிக்கொண்டார்கள், ரிச்சர்டு பெட்டி வென்றார், புல்வெளியில் கைகலப்பு நடந்தது. தென் மாநிலங்களின் விளையாட்டு என்று கருதப்பட்டதை நாடு முழுவதும் அறியவைத்தது தொலைக்காட்சிதான். எனவே தொலைக்காட்சியை வில்லனாக்கும் எந்த விளக்கமும் பாதி உண்மையே.

அப்போதெல்லாம் ஒவ்வொரு ஓடுதளமும் தன் பந்தயத்தைத் தனியே விற்றது. 2001 முதல் நாஸ்கார் எல்லாவற்றையும் ஒரே கட்டாக விற்றது. அதன்பின் தொகைகள் இப்படி ஏறின: 2007 முதல் 2014 வரை எட்டு ஆண்டுகளுக்கு 448 கோடி டாலர், 2015 முதல் 2024 வரை பத்து ஆண்டுகளுக்கு 820 கோடி, 2025 முதல் 2031 வரை ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி, அதாவது ஆண்டுக்கு 110 கோடி. இதில் பல ஆண்டுகளாக 65 சதவீதம் ஓடுதளங்களுக்கும், 25 சதவீதம் அணிகளுக்கும், 10 சதவீதம் நாஸ்காருக்கும் போய்வந்தது. பல தளங்கள் நாஸ்காரின் உடைமையாகவே இருக்கின்றன. நாஸ்கார் ஏகபோகமாகச் செயல்படுகிறது என்று இரண்டு அணிகள் 2024 அக்டோபரில் வழக்குத் தொடுத்தன. அவற்றில் ஒன்று மைக்கேல் ஜோர்டானும் டென்னி ஹாம்லினும் உரிமையாளர்களாக உள்ள 23எக்ஸ்.ஐ. 2025 டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்து சார்ட்டர்கள் நிரந்தரமாக்கப்பட்டன.

ரசிகருக்கு இதன் பொருள் நேரடியானது. தளத்தின் வருவாயில் டிக்கெட்டை விட ஒளிபரப்புப் பங்கு பெரிதானபோது, மைதானத்துக்கு வருபவரின் வசதி பேச்சுவார்த்தை மேசையில் பின்னுக்குப் போனது. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பார்வையாளர்களையும் சேர்க்கத் தொடக்க நேரங்கள் பிற்பகலின் பிற்பகுதிக்குத் தள்ளப்பட்டன. ஞாயிறு இரவு நெடுந்தூரம் காரோட்டித் திங்கள் காலை வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது சுமை. மழை குறுக்கிட்டால், மின்விளக்கு இல்லாத தளங்களில் பந்தயம் மறுநாளுக்கே போய்விடும். பல தளங்களில் இருக்கை வரிசைகள் அகற்றப்பட்டன. டேட்டோனாவிலேயே பின்புற நேர்பாதை ஓரத்து இருக்கைகள் இன்று இல்லை.

நாட்காட்டியையும் சந்தையே எழுதியது. தென் கரோலினாவின் டார்லிங்டனில் 1950 முதல் தொழிலாளர் தின வார இறுதியில் நடந்துவந்த சதர்ன் 500, 2004-இல் அந்த நாளை இழந்தது. அந்த வார இறுதி லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள தளத்துக்குக் கொடுக்கப்பட்டது. சேஸ் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பெரிய தொலைக்காட்சிச் சந்தை வேண்டும் என்ற கணக்கு ரசிகர் கூட்டமாக மாறவில்லை. 2015-இல் பந்தயம் தன் பழைய நாளுக்குத் திரும்பியது. பதினோராண்டுப் பிழை அது, அதைத் திருத்தியதும் ரசிகர்களின் விடாப்பிடியான வற்புறுத்தல்தான்.

திரையில் எது தெரிகிறது, எது தெரியவில்லை

ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் ஒரு பந்தயத்தில் 40 கார்கள் வரை ஒரே சமயத்தில் இயங்குகின்றன; திரையில் காட்டக்கூடியது ஒரு காட்சி. எதைக் காட்டுவது என்பதை ஒளிபரப்பு இயக்குநர் நொடிக்கு நொடி முடிவெடுக்கிறார். அந்த முடிவுகளை இரண்டு விஷயங்கள் வளைக்கின்றன.

முதலாவது விளம்பரம். கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் இயல்பாகவே ஓர் இடைவெளி கிடைக்கிறது. பந்தயத்தில் அது கிடையாது. பச்சைக் கொடியின் கீழ், அதாவது முழு வேகத்தில், கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் வருகிறது. திரும்பி வரும்போது முதலிடம் மாறியிருக்கும். ஸ்டேஜ் முடிவின் மஞ்சள் கொடி இதற்கு மருந்தாகும் என்று 2017-இல் எதிர்பார்க்கப்பட்டது. ஓரளவு உதவியது, ஆனால் பச்சைக் கொடி விளம்பரங்கள் நிற்கவில்லை. கூடவே, முன்கூட்டியே தெரிந்த மஞ்சள் கொடிகள் எரிபொருள், டயர் உத்திகளின் போக்கை மாற்றிவிட்டன. திரையைப் பிரித்து ஒரு பக்கம் பந்தயமும் மறு பக்கம் விளம்பரமும் காட்டுவது இருப்பவற்றில் நல்ல வழி, ஒலி இல்லாமல் போனாலும்.

இரண்டாவது, பட்டமுறையே. நீக்கமுறை இருந்த ஆண்டுகளில் செப்டம்பர் வந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு கோடு தோன்றும்: அதற்கு மேலிருப்பவர் அடுத்த கட்டத்துக்குத் தகுதி, கீழிருப்பவர் வெளியே, இத்தனை புள்ளி வித்தியாசத்தில். கணக்கு ஒவ்வொரு சுற்றிலும் மாறும். கேமராவும் அந்தக் கோட்டைத் தொடரும். எட்டாவது இடத்துக்கும் ஒன்பதாவது இடத்துக்கும் இடையிலான ஒரு புள்ளிக்காக 14-ஆம் இடத்தில் ஓடும் கார் காட்டப்படும்; முன்னணியில் நடக்கும் உண்மையான மோதல் வர்ணனையில் மட்டும் கேட்கும். பிளே-ஆஃபில் இல்லாத ஓட்டுநர் ஒருவர் பந்தயத்தையே வெல்லும் நிலையில் இருந்தால்தான் கேமரா அவரிடம் போகும்.

இங்கே ஒரு நீண்ட விளைவுச் சங்கிலி இருக்கிறது. ஓர் அணியின் செலவில் பெரும்பங்கைத் தருபவர் விளம்பரதாரர். அவர் கொடுக்கும் பணத்தின் மதிப்பு, கார் எவ்வளவு நேரம் திரையில் தெரிந்தது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. பிளே-ஆஃபுக்கு வெளியே உள்ள அணி ஆண்டின் கடைசி 10 பந்தயங்களில் திரையிலிருந்து மறைந்தால், அடுத்த ஆண்டுக்கு விளம்பரதாரரைத் தக்கவைப்பது கடினமாகிறது. நிதி குறைந்தால் கார் மெதுவாகிறது. மெதுவான கார் மறுபடியும் பிளே-ஆஃபுக்கு வெளியே. ஸ்டாக் கார் ரசிகர் பெரும்பாலும் ஓர் ஓட்டுநரின் ரசிகர். அணி மாறினாலும் அவரோடு போவார், அவருடைய கார் எண்ணைத் தொப்பியில் அணிந்திருப்பார். தன் ஓட்டுநர் 20-ஆம் இடத்தில் நல்ல ஓட்டம் ஓடுகிறாரா என்று பார்க்க விரும்பும் அவருக்குத் திரையில் இடமில்லை. அதனால்தான் அவர் ஓட்டுநருக்கும் குழுவுக்கும் இடையிலான வானொலிப் பேச்சைத் தனியே கேட்கிறார், கார்களுக்குள்ளிருந்து வரும் கேமரா ஒளிபரப்பைச் செயலியில் தேடுகிறார், 1970 முதல் ஒலிபரப்பும் மோட்டார் ரேசிங் நெட்வொர்க்கின் வானொலி வர்ணனையை இன்றும் விரும்புகிறார்.

எந்த வாரம் எங்கே?

2025-இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் கப் தொடரின் 36 பந்தயங்கள் இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: முதல் 12 ஃபாக்ஸ் குழுமத்துக்கு, அடுத்த 5 அமேசான் பிரைம் வீடியோவுக்கு, அடுத்த 5 டி.என்.டி.க்கு, கடைசி 14 என்.பி.சி., யு.எஸ்.ஏ. சேனல்களுக்கு. ஃபாக்ஸின் பங்கிலும் கடைசிப் பங்கிலும் பெரும்பாலானவை கட்டணமில்லாத பொதுச் சேனலில் அல்ல, கேபிள் சேனலில். சீசன் முழுவதையும் பார்க்க ஆண்டெனா மட்டும் போதாது. கேபிள் சந்தா வேண்டும், ஓடிடி சந்தாவும் வேண்டும். வயதான, நிலையான வருமானத்தில் வாழும் நெடுநாள் ரசிகர்களுக்கு இது உண்மையான இழப்பு. அதேசமயம் இரண்டாம் நிலைத் தொடர் முழுவதும் தி சி.டபிள்யூ. என்ற பொதுச் சேனலுக்கு வந்து அனைவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. அது நல்ல முடிவு.

பிரைமின் ஐந்து பந்தயங்கள் ஒரு பாடம் சொல்கின்றன. முதலாவதான கோகோ-கோலா 600-ஐ ஏறத்தாழ 27 லட்சம் பேர் பார்த்தார்கள். முந்தைய ஆண்டு ஃபாக்ஸில் அதே பந்தயத்துக்குக் கிடைத்த எண்ணிக்கையை விட இது குறைவு, ஆனால் பார்த்தவர்கள் சராசரியில் பல ஆண்டுகள் இளையவர்கள். பந்தயம் முடிந்த பின் அடுத்த நிகழ்ச்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை; பேட்டிகளும் அலசலும் நீண்ட நேரம் தொடர்ந்தன. ரசிகர்கள் அதை மனமாரப் பாராட்டினார்கள். அவர்கள் எதிர்த்தது தொலைக்காட்சியை அல்ல, அவசரத்தை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடுத்து வந்த டி.என்.டி.யின் ஐந்து பந்தயங்களுக்கென்றே 32 ஓட்டுநர்களை இருவர் இருவராக மோதவிட்டு 10 லட்சம் டாலர் பரிசளிக்கும் இடைக்காலப் போட்டி ஒன்றும் உருவாக்கப்பட்டது. ஒளிபரப்பின் துண்டுக்கு ஏற்பப் போட்டியின் துண்டும் வெட்டப்படுகிறது.

பார்வையாளர் குறைந்தது பட்டமுறையாலா?

2006-இல் டேட்டோனா 500-ஐ 1.9 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 2025-இல் மழையால் தடைபட்ட அதே பந்தயத்தை 70 லட்சத்துக்கும் குறைவானோர். இந்தச் சரிவு முழுவதையும் பிளே-ஆஃபின் தலையில் கட்டுவது சரியல்ல. 2008-இன் பொருளாதார வீழ்ச்சி நெடுந்தூரம் பயணம் செய்யும் ரசிகரையும் விளம்பரதாரரையும் ஒருசேரத் தாக்கியது. 2015-க்கும் 2020-க்கும் இடையில் கார்டன், ஸ்டூவர்ட், எட்வர்ட்ஸ், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், ஜான்சன் எனக் கூட்டத்தை இழுத்த பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெற்றன. கேபிள் சந்தாக்கள் குறைந்துவருவது எல்லா விளையாட்டுகளையும் பாதித்திருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. விலகுபவரைத் தடுக்கவே ஒவ்வொரு புதிய முறையும் அறிமுகப்படுத்தப்பட்டது. 2004-க்கும் 2017-க்கும் இடையில் இத்தனை மாற்றங்கள் வந்தும் சரிவு நிற்கவில்லை. மாறாக, ஒவ்வொரு மாற்றமும் பழைய பட்டங்களையும் புதிய பட்டங்களையும் ஒப்பிட முடியாதபடி செய்தது. ரிச்சர்டு பெட்டி, டேல் எர்ன்ஹார்ட், ஜிம்மி ஜான்சன் மூவருக்கும் தலா ஏழு பட்டங்கள். அவை ஒரே அளவுகோலில் அளந்த ஏழல்ல என்பதை ஒவ்வொரு ரசிகரும் அறிவார். தலைமுறைகளை இணைக்கும் இந்த எண்களின் மீதான நம்பிக்கை குறையும்போது ஏற்படும் இழப்பு எந்தப் பார்வையாளர் கணக்கெடுப்பிலும் பதிவாகாது.

2026 முறை: மாறியதும் மாறாததும்

1. நீக்கம் இல்லை. 26 பந்தயங்களுக்குப் பின் புள்ளிகளில் முதல் 16 பேர். கடைசி 10 பந்தயங்களில் அதிகப் புள்ளிகள் சேர்ப்பவர் சாம்பியன். பெயரும் மீண்டும் சேஸ்தான்.

2. ஒரு வெற்றியால் தானாகத் தகுதி பெறும் விதி நீக்கப்பட்டது.

3. வெற்றிக்கு 40-க்குப் பதில் 55 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 35. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே 20 புள்ளிகள். கென்செத்தின் காலத்தில் அது 5.

4. சேஸின் தொடக்கத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கு 2,100, இரண்டாமவருக்கு 2,075, மூன்றாமவருக்கு 2,065, பின்னர் ஐந்து ஐந்தாகக் குறைந்து 16-ஆமவருக்கு 2,000 புள்ளிகள்.

நான்காவது விதியில்தான் உண்மையான தீர்ப்பு இருக்கிறது. 26 பந்தயங்கள் முதலிடத்தைக் காத்தவருக்குக் கிடைப்பது 25 புள்ளி முன்னிலை. அதே அளவு புள்ளிகளை ஒரே பந்தயத்தில் இழக்க முடியும்: ஸ்டேஜ் புள்ளிகள் 20-ஐயும் சேர்த்தால் ஒரு ஞாயிறில் ஏறத்தாழ 75 புள்ளிகள் வரை பெறலாம். எனினும் ஒரு டயர் வெடித்தால் பட்டம் போய்விடாது, மீட்டெடுக்க இன்னும் ஒன்பது வாரங்கள் இருக்கும். மறுபுறம், 16-ஆமிடத்தில் நுழைபவர் வாரத்துக்கு 10 புள்ளி வீதம் முதல்வரை விஞ்ச வேண்டும். அதிர்ஷ்டத்தில் அது நடக்காது. நடுவில் கிடக்கும் ஒரு நியாயமான இடம் இது. 36 பந்தயங்களின் முழுக் கணக்கே வேண்டும் என்று வாதிட்டுவந்த முன்னாள் ஓட்டுநர் மார்க் மார்ட்டின் இந்த அறிவிப்பின்போது மேடையில் இருந்தார்; அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை.

முழுதாகக் கிடைக்காததற்குக் காரணம், செப்டம்பரில் கால்பந்து சீசன் இப்போதும் தொடங்குகிறது என்பதே. கடைசி 14 பந்தயங்களை வாங்கியவருக்கு அந்த மாதங்களில் விற்க ஒரு கதை தேவை. 10 பந்தய மீளமைப்பு அந்தக் கதை. மாறாதவை இன்னும் பல: நான்கு குழுமங்களுக்கிடையே பிரிந்த ஒளிபரப்பு, பச்சைக் கொடி விளம்பரம், பிற்பகலின் பிற்பகுதித் தொடக்கம், ஸ்டேஜ் இடைவெளிகள். தகுதிக் கோடு போய்விட்டதால் கேமரா முன்னணிக்குத் திரும்புமா, அல்லது பட்டத்துக்கான புள்ளிப் பட்டியலைத் துரத்துமா என்பது இயக்குநர்களின் கையில் இருக்கிறது, விதிப்புத்தகத்தில் இல்லை.

நீக்கம் இல்லாத எந்த முறையிலும், ஒருவர் மற்றவர்களை விட வெகுவாகச் சிறந்து ஓடும் ஆண்டில், இறுதிப் பந்தயத்துக்கு முன்பே பட்டம் முடிவாகலாம். அப்படி ஓர் ஆண்டு 2031-க்குள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அன்று ஒளிபரப்பாளர்கள் மீண்டும் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவார்கள். 2003 நவம்பருக்குப் பிறகு நாஸ்கார் கொடுத்த பதிலையே திரும்பக் கொடுக்குமா என்பது அப்போது தெரியும்.